மேனிஃபோல்டு வாங்கும் முன் முதல் கேள்வி: உள்ளே ஓடப்போவது எந்தத் தண்ணீர்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளின் என்ஜின்கள் பிரிக்கப்படுகின்றன. பிஸ்டன், ரிங், லைனர், நாசில், கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள் பணம் ஒதுக்கிவிடுவார்கள். எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் திரட்டி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும் யாரும் ஒதுக்குவதில்லை. கழற்றி, கரியைச் சுரண்டி, சில்வர் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், கடையில் எது மலிவோ, எது கையோடு கிடைக்கிறதோ, அதுதான் வரும். படகு என்ஜின்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில். இவ்வளவு அலட்சியமாக வாங்கப்பட்டு இவ்வளவு பெரிய செலவை இழுத்துவிடும் பாகம் படகில் வேறு இல்லை என்பேன்.

லாரியில் மேனிஃபோல்டு வெறும் புகைக்குழாய். ஓடும் வண்டியின் காற்று அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். படகின் என்ஜின் அறையில் அந்தக் காற்று கிடையாது. அதனால்தான் கடலுக்கென்றே செய்யப்பட்ட என்ஜின்களில் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் ஒன்றைச் சேர்த்தே வார்க்கிறார்கள். உள்ளே 400 முதல் 600 டிகிரி வரை கொதிக்கும் புகை, வெளியே தண்ணீர், நடுவில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வார்ப்பிரும்புச் சுவர். அந்தச் சுவர் ஓட்டையானால் தண்ணீர் புகைவழிக்குள் இறங்கும். புகைவழியின் மறுமுனை சிலிண்டர்.

இது எப்படி என்ஜினைக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறு சிலிண்டர் என்ஜினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதோ ஒன்றிரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடிதான் நிற்கும். மேனிஃபோல்டில் கசியும் தண்ணீர் இரவெல்லாம் அந்த வழியாகச் சொட்டி, பிஸ்டன் தலையில் தேங்கும். விடியற்காலையில் டிரைவர் ஸ்டார்ட்டரை அழுத்துகிறார். ஒரு சுற்றுகூட முடியாமல் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. பேட்டரிதான் பலவீனம் என்று நினைத்து இன்னொரு பேட்டரியைச் சேர்த்து மறுபடியும் அழுத்துகிறார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு.

நாகை பக்கத்துப் படகு ஒன்றில், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. வெளியே எங்கும் கசிவு தெரியவில்லை. சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கும் என்று ஹெட்டை இறக்கி, தளம் சமன் செய்து, புதுக் கேஸ்கெட் போட்டுக் கடலுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த நடையிலும் அதே குறை. என்னிடம் வந்தபோது மேனிஃபோல்டைத் தனியே கழற்றி, புகைவழிக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஆறு புகைவாய்களில் ஐந்தும் உலர்ந்த கரியாக இருக்க, ஒன்றில் மட்டும் கரி கழுவப்பட்டுச் செம்பழுப்புத் துரு கோடாக இறங்கியிருந்தது. ஜாக்கெட்டைக் காற்று வைத்துச் சோதித்தபோது அந்த வாய்க்குள்ளிருந்துதான் குமிழ் வந்தது. குண்டூசி முனை அளவு ஓட்டை. வெளிப்பக்கப் பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. மேனிஃபோல்டு உள்ளிருந்துதான் அரிக்கப்படுகிறது. வெளித்தோற்றத்தை வைத்து அதை மதிப்பிடவே முடியாது.

சரி, எதை வாங்குவது? விலைக்கும் முன்னால், பிராண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த ஜாக்கெட்டில் எந்தத் தண்ணீர் ஓடப்போகிறது என்பதைத்தான். கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகக் கடல்நீரிடம் சூட்டைக் கொடுக்கும் அமைப்பு என்றால் சாதாரண வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு நெடுங்காலம் உழைக்கும். கடல்நீரே நேரடியாக ஜாக்கெட்டுக்குள் போகிறது என்றால் அதே வார்ப்பிரும்பின் ஆயுள் சில ஆண்டுகள்தான். அமெரிக்க உல்லாசப் படகுகளில் இப்படிக் கடல்நீர் ஓடும் பெட்ரோல் என்ஜின்கள் ஏராளம்; உப்புநீரில் ஓடும் படகுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மேனிஃபோல்டை மாற்றிவிடுவது அங்குள்ள மெக்கானிக்குகளின் வழக்கம். கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு அவர்கள் காத்திருப்பதில்லை.

நம் ஊரில் நடக்கும் விபரீதம் வேறு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்துக்கொண்டாலோ ஓட்டையானாலோ, அதைத் தவிர்த்துவிட்டுக் கடல்நீர்க் குழாயை நேரே என்ஜினுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கரை சேர்வதற்காக நடுக்கடலில் செய்தால் அது புத்திசாலித்தனம். அதே நிலையில் ஒரு பருவம் முழுக்க ஓட்டுவது என்ஜினைத் தெரிந்தே அழிப்பது. கடல்நீர் 60 டிகிரியைத் தாண்டும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சுவரில் படியத் தொடங்கும். மிகச் சூடான இடம் மேனிஃபோல்டுதான் என்பதால் முதலில் அடைபடுவதும் அதுதான். அடைத்த இடத்தில் சூடு கூடும். சூடு கூடிய இடத்தில் வெடிப்பு விழும்.

அலுமினிய மேனிஃபோல்டு இலேசானது. நல்ல கூலண்டோடு நன்றாகவே ஓடும். ஆனால் கூலண்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் பழக்கமுள்ள படகுக்கு அதை நான் பரிந்துரைப்பதே இல்லை. கடல்நீரில் அது இன்னும் வேகமாகப் போய்விடும், அதுவும் அதே பாதையில் செம்பு, பித்தளைக் குழாய்கள் இருந்தால்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றதும் ‘இனிக் கவலையில்லை’ என்று நம்புகிறவர்கள் அதிகம். பட்டறையில் குழாயை வெட்டி, வெல்டிங் செய்து, பளபளவென்று தீட்டித் தருகிறார்கள். அதில் மூன்று ஆபத்துகள் உண்டு. கொடுப்பது 202 ரகமா, 304ஆ, 316எல்-ஆ என்பது கண்ணுக்குத் தெரியாது. காந்தம் ஒட்டவில்லை என்பது சான்று ஆகாது. மூன்றிலுமே பெரும்பாலும் ஒட்டாது. அடுத்தது, 316எல் ஆகவே இருந்தாலும் சூடும் உப்பும் சேரும் இடத்தில், குறிப்பாக வெல்டிங் ஓரத்தில், மயிரிழை வெடிப்புகள் விழும். கடைசியாக, துரு வழிந்து எச்சரிக்காது. ஒரு நாள் பிளந்து நிற்கும். தண்ணீர் படாத மேல் புகைக்குழாய்க்கு ஸ்டெயின்லெஸ் அருமையான பொருள். கடல்நீர் ஓடும் ஜாக்கெட்டுக்கு அதை வைக்காதீர்கள்.

பழைய லாரி என்ஜினைப் படகில் இறக்கி, லாரியின் உலர் மேனிஃபோல்டையே வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். உலர் மேனிஃபோல்டே கூடாது என்று சொல்லமாட்டேன். ஜாக்கெட் இல்லாததால் கசிய ஒன்றுமில்லை. ஆபத்து தீயில்தான் இருக்கிறது. பெரிய கப்பல்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு ஒப்பந்தமான சோலாஸின் விதி, 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்புகளில் எண்ணெய் பட வாய்ப்பிருந்தால் அவற்றைக் காப்புறையிட்டு மூடச் சொல்கிறது. ஏனென்றால் ஏறத்தாழ அந்தச் சூட்டில் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த விதி நம் படகுகளைக் கட்டுப்படுத்தாது. டீசலின் குணம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். இழுவை மடியை இழுக்கும்போது என்ஜின் மணிக்கணக்கில் முழுச்சுமையில் நிற்கிறது. நாசில் குழாய் ஒன்று விரிசல் விட்டு டீசலைப் பீய்ச்சினால் அது விழுவது அந்த மேனிஃபோல்டின் மேல். காப்புறை போடுங்கள், ஆனால் கல்நார்க் கயிறு வேண்டாம்; அதன் தூசு நுரையீரலுக்கு எமன். கண்ணாடி இழை அல்லது செராமிக் உறை போதும், மேலே தகடு மூட வேண்டும். டீசல் ஊறிய காப்புறையை அன்றே பிய்த்து எறியுங்கள். திரியும் எண்ணெயும் சேர்ந்த விளக்குதான் அது.

உலரிலிருந்து ஜாக்கெட் மேனிஃபோல்டுக்கு மாறுகிறீர்கள் என்றால் ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இதுவரை காற்றில் கலந்த சூட்டை இனிக் கூலண்ட் சுமக்கப்போகிறது. பழைய ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் பம்புக்கும் அந்தத் திறன் இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டினால், முழுச்சுமையில் என்ஜின் கொதிக்கும். கொதித்ததும், சூட்டுக்கேற்பக் கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவார்கள். அதன்பின் குறைந்த சுமையில் மேனிஃபோல்டு அளவுக்கு மீறிக் குளிர்ந்து, புகையிலுள்ள ஈரம் அமிலமாகச் சுவரில் படியும். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜினில் புது மேனிஃபோல்டு மாட்டித்தரச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன்.

கடையில் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் எடை போடுங்கள். போலி வார்ப்பு பெரும்பாலும் இலேசாக இருக்கும். ஜாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். பழையதைவிட வெகுவாகக் குறைந்தால் உள்ளே வார்ப்பு மணல் தங்கியிருக்கிறது என்று பொருள். கூடினால் சுவர் மெலிந்திருக்கிறது. புதுக் கேஸ்கெட்டை முகத்தில் வைத்து ஒவ்வொரு வாயும் நேராக அமைகிறதா என்று பாருங்கள். மாட்டுவதற்கு முன் ஜாக்கெட்டின் தண்ணீர் வாய்களை அடைத்து, சுமார் 20 பிஎஸ்ஐ காற்றை ஜாக்கெட்டுக்குள் விட்டுச் சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் என்பது முக்கியம். குளிர்ந்த நிலையில் மூடியிருக்கும் மயிரிழை வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும்.

மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் படிப்படியாக, மேனுவலில் சொன்ன முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். உலர் மேனிஃபோல்டு என்றால் இதில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு மீட்டர் நீள வார்ப்பிரும்பு 400 டிகிரி சூடேறினால் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். போல்ட் துளைகள் சற்றே பெரிதாக இருப்பது அதற்காகத்தான். தளர்வாக இருக்கிறதே என்று அந்தத் துளையில் புஷ் அடித்து இறுக்கிவிட்ட மேனிஃபோல்டுகள் நடுவில் பிளந்துதான் வருகின்றன. மேலே செல்லும் புகைக்குழாயின் எடை டர்போவின் மேலோ மேனிஃபோல்டின் மேலோ உட்காரக் கூடாது. குழாய்க்குத் தனித் தாங்கி, நடுவில் நெளிந்துகொடுக்கும் பெல்லோஸ் இணைப்பு.

கடலில் இருக்கும்போது கூலண்ட் காரணமில்லாமல் குறைந்தால், அல்லது சூடேறிய பிறகும் வெண்ணிற ஆவி நிற்காமல் வந்தால், என்ஜினை நிறுத்துங்கள்; மறுபடி கிளப்ப அவசரப்படாதீர்கள். டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் அந்தத் துளை வழியாக வெளியே வந்துவிடும். எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்பதைக் குறித்துவையுங்கள். கரையில் மெக்கானிக்கிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.