துறைமுகத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது

"தம்பி, உள்ளே ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய்போல் போகிறது. வெளியே போனால்தான் டீசலைக் குடிக்கிறது. எஞ்சினில்தான் ஏதோ கோளாறு."

கொழும்பு முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில் படகு பார்க்கப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு என் காதில் விழும். அண்மையில் இதைச் சொன்னவர் ஐம்பதடிப் பலநாட் படகின் முதலாளி. எஞ்சினைத் திறந்து பார்த்தேன்; குறையில்லை. படகை மேலே ஏற்றியதும் அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்து இழுத்தேன். சிப்பி ஏதும் இல்லை. ஆனால் தோல் சுரண்டியது. பழைய பெயின்டைத் தேய்க்காமல் அதன் மேலேயே புதியதைப் பூசியிருந்தார்கள்.

"இந்தச் சொரசொரப்புக்கா இவ்வளவு டீசல்?" என்று சிரித்தார். உள்ளே தெரியாத குறை வெளியே எப்படி முளைக்கும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஓடும் படகை ஒட்டியுள்ள நீர் படகோடு சேர்ந்து இழுபடுகிறது. 1904இல் ஜெர்மன் அறிஞர் லுட்விக் பிராண்டில் விளக்கிய எல்லைப் படலம் இதுதான். நம் படகின் பின்முனையில் அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு சாண். அந்தப் படலத்துக்குள் நீர் சுழன்று கொந்தளிக்கிறது. ஆனால் பலகையைத் தொட்டபடி மிக மெல்லிய ஓர் அடிப்படலம் உண்டு. அங்கே நீரின் பாகுநிலை, அதாவது அதன் பிசுபிசுப்பு, கொந்தளிப்பை அடக்கி வைத்திருக்கும். சொரசொரப்பு அதற்குள் முழுதாக மூழ்கிக் கிடந்தால், நீரைப் பொறுத்தவரை அந்தப் பலகை வழுவழுப்பானதுதான்.

நம் கடலின் சூட்டுக்கு நான் போட்ட கணக்கு இது. மணிக்கு 3 கடல் மைலில், அதாவது துறைமுகத்துக்குள் போகும் வேகத்தில், அடிப்படலம் ஏறத்தாழ 80 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு தலைமுடியின் தடிப்பு. 8 கடல் மைலில் அது 30 மைக்ரோனாகச் சுருங்கிவிடுகிறது. எல்லைப் படலத்தின் முழுத் தடிப்போ 18 சென்டிமீற்றரிலிருந்து 15க்குத்தான் இறங்குகிறது. இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வேகம் கூடக்கூட உள்போர்வை விலகி, மறைந்து கிடந்த மேடுகள் நீருக்குள் தலைநீட்டுகின்றன.

1870களில் இங்கிலாந்தின் டோர்கீயில் கப்பல் பொறியியலாளர் வில்லியம் ஃபுரூட் பலகைகளை நீரில் இழுத்து அளந்தார். அவற்றில் நீளமானது 50 அடி, நம் படகின் நீளம்! வார்னிஷ் பூசிய நீண்ட பலகையில் உராய்வு வேகத்தின் 1.83ஆம் அடுக்கில் ஏறியது. மணல் ஒட்டிய பலகையில் 2ஆம் அடுக்கில். வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். வேகத்தை இரட்டித்தால் முதலாவதில் உராய்வு மூன்றரை மடங்கு, இரண்டாவதில் நான்கு மடங்கு. மணல் பலகை தொடக்கத்திலேயே அதிக உராய்வுடன் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உராய்வை வெல்லும் வலுவுக்கு இன்னொரு முறை வேகத்தால் பெருக்க வேண்டும். அலையெழுப்பும் எதிர்ப்பு தனிக் கணக்கு.

தென்மேற்குப் பருவத்தில் கட்டிக்கிடந்த படகென்றால் பாசியும் சிப்பியும் சேர்ந்துவிடும். அப்போது மைக்ரோன் கணக்கே வேண்டாம், கண்ணே போதும்.

ஆகவே சோதனை ஓட்டத்தைத் திறந்த கடலில், வழக்கமாக ஓடும் வேகத்தில், நீரோட்டத்தோடும் எதிராகவும் இரு முறை செய்யுங்கள். எஞ்சின் சுற்றையும் வேகத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட வேறு வழியில்லை. புரொப்பெல்லரைத் துடைப்பது மலிவான வேலை, அதை முதலில் முடியுங்கள். கையில் பணம் குறைவென்றால் முன்பகுதியிலிருந்து தேய்க்கத் தொடங்குங்கள். அங்கே படலம் இன்னும் மெல்லியது, உராய்வும் கூடுதல்.

கடைசியாகச் சொன்னது மட்டும் முதலாளிக்கு உடனே பிடித்துவிட்டது. "அப்படியென்றால் முன்பாதியைத் தேய்ப்போம் தம்பி" என்றார். பின்பாதி அடுத்த பயணத்து மீன் விலையைப் பார்த்துத்தானாம்.