ஏ.டி.எஃப்: ஆயிலா, பாய்மமா?

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் பில்லில் 'ஏ.டி.எஃப்' என்ற மூன்றெழுத்தைப் பார்த்திருப்பார்கள். விரித்தால், ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட். (விலை ஏறியது, இறங்கியது என்று செய்தியில் வரும் ஏ.டி.எஃப் வேறு, அது விமான எரிபொருள்.) மெக்கானிக்குகளுக்கு இது வெறும் 'கியர் ஆயில்'. பேச்சுக்குச் சரி. ஆனாலும் ஆயில் என்று சொல்லாமல் ஃப்ளூயிட் என்று பெயர் வைத்ததில் காரணம் இருக்கிறது.

கையால் கியர் மாற்றும் வண்டியில் ஊற்றும் ஆயிலுக்கு முக்கியமான வேலை பற்சக்கரங்களைத் தேயவிடாமல் காப்பது. ஏ.டி.எஃப் அதைச் செய்வதோடு நிற்பதில்லை. டார்க் கன்வர்ட்டர் என்ற மூடிய கூட்டுக்குள் இரண்டு விசிறிச் சக்கரங்கள் எதிரெதிரே இருக்கும். இஞ்சினோடு சுழலும் சக்கரம் இந்தத் திரவத்தை வாரி இறைக்க, அது மோதும் வேகத்தில் மற்றது சுழலும். வண்டி கிளம்பும்போது இரண்டுக்கும் நடுவே இரும்புத் தொடர்பே கிடையாது. இஞ்சினின் விசை திரவத்தின் வழியாகத்தான் போகிறது. வேகம் பிடித்த பிறகுதான் ஒரு கிளட்ச் வந்து இரண்டையும் பூட்டும். கியர் மாறுவதற்காக உள்ளே இருக்கும் கிளட்சுகளை அழுத்துவதும் இதே திரவம்தான். சூட்டைக் கூலருக்குச் சுமந்து போவதும் இதுவே.

ஆயில் என்ற சொல்லின் வேர் லத்தீனின் 'ஓலியம்'; அது முதலில் ஆலிவ் எண்ணெயைத்தான் குறித்தது. நம் எண்ணெயும் அப்படியே, எள் + நெய். ஃப்ளூயிட் வந்தது 'பாய்தல்' என்று பொருள்படும் 'ஃப்ளூவெரெ' என்ற லத்தீன் வினையிலிருந்து. ஆக முதல் சொல் பொருள் எதிலிருந்து கிடைத்தது என்கிறது, இரண்டாவது அது என்ன செய்கிறது என்கிறது. இயற்பியல் பாடநூல்களில் வரும் 'பாய்மம்' இதற்கு அச்சாகப் பொருந்தும். திண்மம், நீர்மம், வளிமம் என்ற வரிசையில் அமைந்த சொல் அது.

டிரான்ஸ்மிஷன் என்றால் 'அக்கரைக்கு அனுப்புதல்'. டிரான்ஸ், மிட்டெரெ என்ற இரண்டு லத்தீன் சொற்களின் சேர்க்கை. தமிழில் இதற்குப் பரப்புதல், கடத்தல், செலுத்தம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. பரப்புதல் ஒலிக்கும் ஒளிக்கும் சரி, விசைக்கு ஒட்டாது. 'கடத்தல் பாய்மம்' என்று எழுதினால் படிப்பவர் போலீஸைத் தேடுவார். வண்டியைச் செலுத்துகிறோம் என்று ஏற்கெனவே சொல்வதால் செலுத்தமே என் தேர்வு. தான் + இயங்கி சேர்ந்த தானியங்கி பழகிய சொல். மூன்றையும் சேர்த்தால் 'தானியங்கிச் செலுத்தப் பாய்மம்'. நீளம்தான், ஆனால் கட்டுரையில் ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் 'செலுத்தப் பாய்மம்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தானியங்கி கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. அதற்கான திரவத்துக்கு 1949-ல் 'டைப் ஏ' என்று தரம் வகுத்தது. கிளட்ச் அளவாக உரசிப் பிடிப்பதற்காக அந்நாட்களில் இதில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள்! 1970-களில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்த பிறகு, செயற்கை வேதிப்பொருள்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

பழைய பாய்மத்தை மாற்றும் வேலையிலும் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடித் திருகைக் கழற்றி ஒழுகவிடுவது வடித்தல். டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கியிருப்பது அதில் இறங்காது. பல வண்டிகளில் பாதிகூட வெளியே வராது. இயந்திரத்தைப் பொருத்திப் பழையதைத் தள்ளிப் புதியதை நிரப்புவது அலசல். பில்லில் 'ஏ.டி.எஃப் மாற்றம்' என்று மட்டும் இருந்தால், வடித்தார்களா அலசினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போது தமிழ்ச் சொல்லும் உதவாது, ஏ.டி.எஃப் என்ற பொதுப்பெயரும் போதாது. டெக்ஸ்ரான், மெர்கான் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் தரக்குறியீட்டை அப்படியே சொல்லிக் கேட்க வேண்டும். சி.வி.டி. (படிப்படியாக இல்லாமல் கியர் விகிதம் தொடர்ந்து மாறும் வகை) கியர்பாக்ஸ் என்றால் அதற்குரிய பாய்மமே தனி.