ஸ்டெல்த் என்றால் கமுக்கம்

வீடியோ கேம்களில், இஷ்டப்படி எங்கும் திரியவிடும் ‘திறந்த உலக’ச் சுடும் ஆட்டங்களைக் கூட்டாக ஆடுகிறவர்கள் ஒரு முகாமை நெருங்கியதும் கேட்டுக்கொள்வது இதைத்தான்: “ஸ்டெல்த்தா போறோமா, ரஷ்ஷா?” ரஷ் என்றால் நேரே பாய்ந்து தாக்குவது. கேட்பவருக்கும் பொருள் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஸ்டெல்த்தைத் தமிழில் சொல்லுங்கள் என்றால் மட்டும் “ஒளிந்து விளையாடுவது” என்று ஆரம்பித்து, பொருந்தவில்லையே என்று இழுப்பார்கள். பொருந்தாதுதான். ஒளிந்திருப்பவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரே மூலையில் உட்கார்ந்து வருகிறவனை எல்லாம் சுடுவதை ‘கேம்ப் அடிப்பது’ என்பார்கள், அதில் மரியாதையும் கிடையாது. ஸ்டெல்த் என்றால் காரியம் நடக்க வேண்டும். அது நடப்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் திருட்டிலிருந்து பிறந்தது. திருடுவதைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ என்ற வினையின் பெயர்ச்சொல் வடிவம்தான் ‘ஸ்டெல்த்’. ‘ஹீல்’, ‘ஹெல்த்’ இரண்டுக்கும் உள்ள அதே உறவு. பழைய வழக்கில் அது திருட்டையே குறித்தது. நாளடைவில் திருடும் செயல் விலகிப்போய், திருடன் நடக்கிற விதம் மட்டும் பொருளாக நின்றுவிட்டது. தமிழிலும் இதே நகர்வு உண்டு. கள்ளப் பார்வை, கள்ளச் சிரிப்பு என்று சொல்லும்போது அங்கே எந்தப் பொருளும் களவு போவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்கு ராணுவ உடை மாட்டியவர்கள் அமெரிக்க விமானப் பொறியாளர்கள். ராடாருக்கு எளிதில் சிக்காத எஃப்-117 போர் விமானம் 1981-ல் முதல் முறை பறந்தது. அப்படி ஒன்று இருப்பதையே 1988-ல்தான் அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. தமிழ்ச் செய்தித்தாள்கள் அதை ‘ராடாரில் சிக்காத விமானம்’ என்று எழுதின. நல்ல தமிழ்தான், ஆனால் அது விளக்கம். விமானத்துக்குச் சரி, ஆட்டக்காரருக்கு உதவாது.

ஆட்டங்களுக்குள் இது நுழைந்த கதை இன்னும் சுவையானது. 1981-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ‘காஸில் வூல்ஃபன்ஸ்டைன்’ ஆட்டத்தில் நீங்கள் ஒரு கைதி. ரகசியப் போர்த் திட்டத்தைக் கண்டெடுத்துக்கொண்டு கோட்டையிலிருந்து தப்ப வேண்டும். தோட்டா குறைவு. கண்ணில் பட்ட காவலர்களை எல்லாம் சுட்டுத் தீர்க்க முடியாது. அதனால் துப்பாக்கியைக் காட்டி மிரட்டலாம், சோதனை போடலாம், அவர்களுடைய சீருடை கிடைத்தால் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் முன்னாலேயே நடந்து போகலாம். 1992-ல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘வூல்ஃபன்ஸ்டைன் 3டி’ செய்தது. தொடக்கத்தில் பிணங்களை இழுத்து மறைப்பது, அவற்றைச் சோதனை போடுவது எல்லாம் அதிலும் இருந்தன. ஆட்டத்தின் வேகத்தைக் கெடுக்கிறது என்று எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள். ஓடு, சுடு, அடுத்த கதவைத் திற. நாம் இன்று எதிரெதிராக வைத்துப் பேசும் இரண்டு பாணிகளும் ஒரே கோட்டையிலிருந்துதான் கிளம்பின.

ஜப்பானில் நடந்தது வேறு. 1987-ல் ‘மெட்டல் கியர்’ செய்த ஹிடியோ கோஜிமாவுக்குக் கிடைத்த எம்எஸ்எக்ஸ்2 கணினியால் திரையில் நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் ஒரே சமயத்தில் காட்ட முடியவில்லை. போர் ஆட்டம் கேட்டவர்களுக்கு அவர் கொடுத்தது போரைத் தவிர்க்கும் ஆட்டம். அப்புறம் 1998 வந்தது. ‘டென்ச்சு’, ‘மெட்டல் கியர் சாலிட்’, ‘தீஃப்’ மூன்றும் ஒரே ஆண்டில். மூன்றாவதன் பெயருக்கே திருடன் என்று பொருள். சொல் சுற்றிச் சுற்றிப் பிறந்த இடத்துக்கே போய்விட்டது. அந்த ஆட்டத்தில் திரையின் அடியில் ஒரு ரத்தினக் கல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் அது பளிச்சென்று எரியும், இருட்டில் மங்கும். கம்பளத்தில் நடந்தால் சத்தம் வராது, உலோகத் தரையில் நடந்தால் காவலன் திரும்பிப் பார்ப்பான். தீப்பந்தம் தொந்தரவாக இருந்தால் நீர் அம்பு விட்டு அணைத்துவிடலாம்.

இப்போது திறந்த உலகத்துக்கு வருவோம். நேர்கோட்டில் போகும் ஆட்டத்தில் எந்தக் கட்டத்தைப் பதுங்கிக் கடக்க வேண்டும், எதைச் சுட்டுக் கடக்க வேண்டும் என்பதை உருவாக்கியவரே முடிவு செய்துவிடுவார். திறந்த உலகில் அந்த முடிவு ஆடுபவர் கையில். அதனால்தான் இந்த ஆட்டங்களில் பாணி என்பது இவ்வளவு பெரிய பேச்சாகிறது. 2012-ல் வந்த ‘ஃபார் க்ரை 3’ காவல் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் நின்று கேமராவில் ஒவ்வொரு காவலனாகப் பார்த்தால் அவன் தலைக்கு மேல் குறி விழும், பிறகு அவன் சுவருக்குப் பின்னால் போனாலும் தெரியும். முகாமில் அபாய மணிப் பெட்டிகள் இருக்கும். யாராவது ஓடிப்போய் அழுத்தினால் வண்டியில் கூடுதல் ஆட்கள் வந்து இறங்குவார்கள். தூரத்திலிருந்து சுட்டால் அந்த ஒரு பெட்டி மட்டும் சாகும், கிட்டப் போய்க் கையால் துண்டித்தால் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து ஓயும். கூண்டில் புலி இருந்தால் கதவைச் சுட்டுத் திறந்துவிட்டு நீங்கள் புதருக்குள்ளேயே இருக்கலாம். பாதிக் காவலர்களை அது பார்த்துக்கொள்ளும். யார் கண்ணிலும் படாமல் முகாமைப் பிடித்தால் அனுபவப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

அந்தப் புள்ளிக் கணக்கு எனக்குப் பிடித்ததில்லை. இரண்டு பாணியும் சமம் என்று சொல்லிவிட்டு ஒன்றுக்கு மட்டும் பரிசு கொடுத்தால், எல்லாரும் அதையே ஆடுவார்கள். 2015-ல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேண்டம் பெய்ன்’ இதைச் சாமர்த்தியமாகக் கையாண்டது. நீங்கள் தலையில் சுடுவதே வழக்கமானால் காவலர்கள் தலைக்கவசம் போட்டுக்கொள்வார்கள். இரவில் மட்டும் புகுந்தால் இருட்டில் பார்க்கும் கருவியோடு நிற்பார்கள். ஒரே பாணியில் ஊறிப்போகிறவரை ஆட்டமே இடம் மாற்றிவிடும். 2007-ன் ‘க்ரைசிஸ்’ வேறு விதம். அதில் போட்டிருக்கும் உடை உங்களைக் கண்ணுக்குத் தெரியாமலும் ஆக்கும், குண்டு தாங்கும் கவசமாகவும் இறுகும். இரண்டுக்கும் ஒரே சேமிப்பிலிருந்துதான் ஆற்றல் போகும். மறைந்து மறைந்து போய் அதைக் காலி செய்தவர் சண்டை வெடிக்கும்போது கவசமில்லாமல் நிற்பார்.

சரி, எதிர்ப் பக்கத்துச் சொல். ஆங்கிலத்தில் இதற்குப் பல பெயர்கள். ஓடிக்கொண்டே சுடுவதைச் சொல்லும் ‘ரன் அண்ட் கன்’ அமெரிக்கக் கூடைப்பந்தில் வேகமாகத் தாக்கும் பாணிக்கும் வழங்குகிறது. கூட்டாகக் கொள்ளையடிக்கும் ‘பேடே 2’ ஆட்டக்காரர்கள் வெறுமனே ‘லவுட்’ என்பார்கள், அதாவது சத்தம். தமிழ் ஆட்டக்காரர்கள் ‘ரஷ்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதே இல்லை. அதிரடி. எதிராளி நிதானிப்பதற்குள் விழுகிற அடி. கிரிக்கெட் வர்ணனையில் தினமும் கேட்கிற சொல். இதில் ஒரு வேடிக்கை: கமாண்டோ படைக்கு நாம் வைத்த பெயர் அதிரடிப்படை, ஆனால் அவர்கள் இலக்கை எட்டும்வரை மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

அதிரடி என்றால் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுவது என்று பதுங்குகிறவர்கள் கேலி செய்வதுண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பதுங்குகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. பாய்கிறவர் ஓடிக்கொண்டே, தோட்டா மாற்றிக்கொண்டே, அடுத்த மறைப்பு எது என்று பார்க்க வேண்டும். நின்றால் செத்தார்.

ஸ்டெல்த்துக்குத் தமிழ் என்ன என்பதில்தான் சிக்கல். ‘மறைநிலை’ என்பார்கள் சிலர். அது நிலை, செயல் அல்ல; க்ரைசிஸ் உடை தருவது மறைநிலை. ‘உளவு’ என்றால் சேதி சேகரிப்பதோடு நின்றுவிடும். ‘களவு’ வேரளவில் அச்சாகப் பொருந்தும். தொல்காப்பியம் வெட்சித் திணையை “வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்” என்கிறது. அரசன் அனுப்பிய வீரர்கள் பகைவர் நாட்டு மாடுகளை யாருக்கும் தெரியாமல் ஓட்டிவந்து காப்பது. அங்கே ‘களவின்’ என்பது அப்பட்டமான ஸ்டெல்த். தொடர்ந்து வரும் துறைகளை, அதாவது அந்தத் திணையின் உட்பிரிவுகளைப் படித்தால் முகாம் பிடிக்கும் ஆட்டத்தின் வரைபடம் மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஒற்றர் அறியாமல் போவது செலவு. ஒற்றர் மூலம் அறிந்துவருவது வேய். பிறகு ஊரைச் சூழ்ந்து தங்குதல், தாக்குதல், மாடுகளைக் கவரும் ஆகோள், துரத்தி வருகிறவர்களை மடக்கும் பூசல் மாற்று. கேமராவில் குறி போடுவதற்கு ‘வேய்’ என்று இரண்டே எழுத்தில் முடிகிற அளவு சின்னச் சொல் நம்மிடம் இருந்திருக்கிறது. ஆனால் இன்று ஒருவரிடம் “களவா போ” என்றால் சிரிப்பார். களவு மறுபடியும் திருட்டாகவே சுருங்கிவிட்டது.

மிஞ்சுவது பதுங்கல். புலி பதுங்குவது பாய்வதற்கே என்ற பழமொழி இரண்டு பாணிகளையும் ஒரே வரியில் சொல்லிவிடுவதால் பலருக்கும் இதுதான் முதலில் தோன்றும். எனக்கு இதில் ஒரு தடை. பதுங்கல் என்பது உடம்பின் நிலை. குனிந்து நகரும் பொத்தானுக்கு அது மிகச் சரியான பெயர். ஆனால் காஸில் வூல்ஃபன்ஸ்டைனில் சீருடை மாட்டிக்கொண்டு காவலன் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நடக்கிறவர் எங்கே பதுங்குகிறார்? அதுவும் ஸ்டெல்த்தான். மறைவது உடம்பு அல்ல, நோக்கம். இதற்குப் பேச்சுத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: கமுக்கம். “காதும் காதும் வைத்தாற்போல்” என்பதை ஒரே சொல்லில் அடக்குவது. கமுக்கமாகப் போனான், கமுக்கமாக முடித்தான், கமுக்க ஆட்டம். எதிராளிக்கு என்ன தெரியும், எது தெரியாது என்பதைத்தான் அது குறிக்கிறது. நீங்கள் குனிந்திருக்கிறீர்களா, இருட்டில் நிற்கிறீர்களா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அடித்துவிட்டு மறைந்து, வேறு பக்கம் வந்து மறுபடி அடிக்கிற மூன்றாவது வகையும் உண்டு. திறந்த உலகில் பெரும்பாலோர் ஆடுவது அதுதான் என்பது என் எண்ணம். ஈழத் தமிழில் கெரில்லாப் போரைக் கரந்தடிப் போர் என்பார்கள். கரந்து, அதாவது மறைந்து, அடிப்பது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆட்டத் திரைகளைத் தமிழாக்குகிறவர்களுக்கு ஒன்று. காவலன் பார்த்துவிட்டதும் திரையில் “கண்டறியப்பட்டீர்கள்” என்று போடாதீர்கள், அது மருத்துவப் பரிசோதனை முடிவு மாதிரி இருக்கிறது. “குட்டு உடைந்தது” என்று போடுங்கள்.