டர்போ புகையுதா? ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

"சார், ஓட்டிப் பார்த்தோம், வண்டி நார்மலாத்தான் இருக்கு." புகை வருகிறது என்று வாரண்டி காரைக் காலையில் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டுப் போனவர்களில் பலருக்கு மாலையில் கிடைக்கும் பதில் இது. அட்வைசர் பொய் சொல்கிறார் என்று உடனே கோபப்பட வேண்டாம், பெரும்பாலும் அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். டர்போவில், அதாவது என்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகத்தில், கோளாறு ஆரம்பிக்கும் கட்டத்தில் புகை எப்போதும் வராது, வந்தாலும் சில நொடிதான், அதுவும் பின்னால் வருகிறவர் கண்ணில்தான் படும். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டால், பிறகு வாரண்டி முடிந்த மறுவாரம் டர்போ மொத்தமாகப் போகும்போது, நீங்கள் முன்பே புகார் சொன்னதற்கு ஒரு தடயமும் இருக்காது. வாரண்டி கிளெய்ம்களைத் தயார் செய்வதும், தள்ளுபடியாகி வந்தவற்றைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பதும்தான் என் வேலை. அந்த மேஜையிலிருந்து பார்த்தால், கிளெய்ம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் காகிதத்தில்தான்.

முதலில் புகையின் நிறம். நீலம் கலந்த சாம்பல் நிறத்தோடு கருகிய வாடையும் அடித்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருளுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை. இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் கிழிந்திருக்கலாம், டர்போவுக்குள் அசையும் தகடுகளான வேன்கள் கரி பிடித்து இறுகியிருக்கலாம், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. குளிர்ந்த காலையில் வந்து என்ஜின் சூடானதும் மறைந்தால் வெறும் நீராவி, அதை விட்டுவிடலாம். எல்லோரும் 'டர்போ புகை' என்று சொல்வது நீலத்தைத்தான். சைலன்சரில் இல்லாமல் பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தால் கதையே வேறு, டர்போவின் சூடான ஹவுசிங் (வெளிக்கூடு) மேல் ஆயில் சொட்டுகிறது என்று அர்த்தம், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வண்டியை ஓரம் கட்டி, அணைத்துவிட்டு, டோ செய்யச் சொல்லுங்கள்.

நீலப் புகை என்றதுமே டர்போ போச்சு என்று முடிவு கட்டுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. டர்போவின் ஷாஃப்ட் (நடுத்தண்டு) நிமிடத்துக்கு 1 லட்சம், 2 லட்சம் சுற்று என்று சுழல்கிறது, பெரும்பாலான டர்போக்களில் அது மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தின் மேல். அதன் இரு முனையிலும் இருக்கும் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஓர் உலோக வளையம். ஆயிலை முழுதாக அடைத்து நிறுத்துவது அதன் வேலையே இல்லை. இருபுற ஹவுசிங்கிலும் காற்றழுத்தம் கூடுதலாக இருப்பதாலும், வந்த ஆயில் உடனுக்குடன் வடிந்துவிடுவதாலும்தான் கசியாமல் இருக்கிறது. அந்த ஆயில் வடிவதற்கும் பொதுவாகப் பம்ப் கிடையாது, தன் எடையிலேயே என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்க வேண்டும். அந்த ரிட்டர்ன் பைப் கொஞ்சம் நசுங்கினாலோ, உள்ளே கரி கட்டினாலோ, கிராங்க்கேஸ் பிரீதர் (என்ஜின் அடிப்பகுதியின் காற்றுப்போக்கி) அடைத்துக் கீழே அழுத்தம் ஏறினாலோ, இறங்க வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டி இன்டேக்குக்கோ எக்ஸாஸ்ட்டுக்கோ போய்விடும். ஏர் ஃபில்டர் புழுதியால் அடைந்திருந்தாலும் அப்படித்தான், டர்போவில் காற்றை இழுக்கும் கம்ப்ரெசர் பக்கம் உறிஞ்சல் அதிகமாகி ஆயிலை இழுக்கும்.

இப்படிப்பட்ட வண்டியில் டர்போவைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிந்திருக்கும். பார்க்கிறவர் டர்போ ஃபெயில் என்று எழுதுவார், புதுசு மாட்டுவார்கள், கொஞ்ச நாளில் புதுசும் புகையும். இரண்டாவது முறை கிளெய்ம் போடும்போது மேலே தயாரிப்பாளர் தரப்பில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, போன தடவை காரணம் என்னவென்று கண்டுபிடித்தீர்களா என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத ஃபைல்கள் நிறைய.

சரி, புகையை எப்படிப் பிடிப்பது? என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல்) நிற்க விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். அந்த நேரத்தில் ஒரு நீலப் புகைக் கட்டி வெளியேறினால் டர்போ சீலையும் ரிட்டர்ன் லைனையும் சந்தேகிக்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் புகைத்தால் என்ஜின் வால்வுகளில் ஆயிலைத் தடுக்கும் வால்வ் ஸ்டெம் சீல் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். லோடு ஏறும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்கும் கணக்கில் வரும். இவை எல்லாம் ஊகத்துக்கு உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது. புகை வரும்போது இன்னொருவரை பின்னால் நிறுத்தி வீடியோ எடுங்கள், முதலில் ஓடோமீட்டரைக் காட்டிவிட்டு அப்படியே வெட்டாமல் பின்பக்கம் போகட்டும். வெட்டி ஒட்டிய வீடியோவை யாரும் மதிப்பதில்லை.

டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கும் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஃபில்டர் நிறையப் புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ஆயில் எரிவது கண்ணுக்குத் தெரியவே வெகுநாள் ஆகும். அதற்குள் ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் படிந்துவிடும், ஃபில்டர் தன்னைச் சூடாக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் ரீஜெனரேஷனில் கரித்தூள் எரியும், இந்தச் சாம்பல் எரியாது. அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்தான் உங்கள் சாட்சி. வாரம் ஒருமுறை, சமதளத்தில், என்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்த்து, கிலோமீட்டரோடு குறித்து வையுங்கள்.

இப்போது ஜாப் கார்டு, அதாவது உங்கள் புகாரையும் செய்த வேலையையும் பதியும் சர்வீஸ் சீட்டு. வண்டி விடும்போது அட்வைசர் கம்ப்யூட்டரில் பொதுவாக 'ஜெனரல் செக்கப்' என்று தட்டிவிடுவார், அல்லது 'ஸ்மோக் செக்' என்று இரண்டு வார்த்தை. அது போதாது. "10 நிமிட ஐடிலுக்குப் பிறகு ஆக்சிலரேட் செய்தால் நீலப் புகை, ஆயில் அளவு குறைகிறது, வீடியோ காட்டப்பட்டது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்கட்டும். மனிதர்கள் நல்லவர்கள்தான், எழுதமாட்டேன் என்று சொல்கிறவர் அபூர்வம், ஆனால் கேட்காமல் எழுதுகிறவரும் அபூர்வம். திரும்ப எடுக்கும்போது 'கோளாறு காணப்படவில்லை' என்று மூடியிருந்தால் சண்டை போட வேண்டியதில்லை, அந்தக் காகிதமே உங்களுக்கு வேலை செய்யும். வாரண்டிக் காலத்துக்குள் புகார் பதிவானது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகளின் பிரின்ட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், குறியீடு எதுவும் இல்லை என்றால் அதையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் என்பார்கள். ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பி, மூடியையும் டிப்ஸ்டிக்கையும் சீல் வைத்து, சுமார் 1000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்வார்கள். இழுத்தடிக்கிறார்கள் என்று பலர் மறுத்துவிடுகிறார்கள், மறுக்காதீர்கள், கிளெய்முக்கு அந்த எண் தேவை. சில தயாரிப்பாளர்களின் கையேட்டில் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவது சாதாரணம் என்றே அச்சிட்டிருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன அளவு என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். நடுவில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சீலைக் காப்பாற்றுவதற்காக ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், அவர்களுக்குப் போன் செய்து பதிவு செய்யச் சொல்லிவிட்டு நிரப்புங்கள்.

இதற்கு நடுவே வெளி மெக்கானிக்கிடம் டர்போவைத் திறந்து பார்ப்பது, புகை நிறுத்தும் மருந்து என்று விற்கும் திரவங்களை ஊற்றுவது, இரண்டும் வேண்டாம். இ.சி.யூ. ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்திருந்தால், பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று நம்பாதீர்கள், பல வண்டிகளில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளேயே நிற்கும். புகை தெரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டினால், பிறகு கெட்டுப்போகும் கேட்டலிஸ்டுக்கும் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) டி.பி.எஃப்.புக்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். டீசலில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இன்டர்கூலரில் சேர்ந்த ஆயிலையே என்ஜின் எரிபொருளாக இழுக்க ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் அணையாமல் தானாக ரேஸ் ஆகும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, பெரிய கியரில் போட்டுக் கிளட்சை விட்டு அணைக்கப் பார்க்கலாம். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள், பானெட்டைத் திறந்து கையை விடாதீர்கள்.

கிளெய்ம் தள்ளுபடியானால் 'மெயின்டெனன்ஸ் சரியில்லை' என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் கழற்றிய டர்போ பேசும். ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை, பேரிங்கில் கீறல் கோடுகள் இருந்தால் ஆயிலில் அழுக்கு, கம்ப்ரெசர் வீலின் முனைகள் மடங்கியிருந்தால் ஏதோ பொருள் உள்ளே போயிருக்கிறது. ஆயில் போகவில்லை என்றால் ஏன் போகவில்லை? சர்வீஸ் எல்லாம் நேரத்துக்கு அவர்களிடமே செய்து, சரியான கிரேடு ஆயிலுக்கான பில்லும் கையில் இருந்தால், அந்தக் கேள்வி திரும்ப அவர்கள் பக்கமே போகும். வெளியில் சர்வீஸ் செய்திருந்தால் ஆயில் கிரேடும் ஃபில்டரும் குறிப்பிட்ட பில் வேண்டும், வெறும் 'ஆயில் சேஞ்ச்' என்று எழுதிய துண்டுச் சீட்டு எடுபடாது. இன்டேக் பைப்பில் லேசாக ஆயில் ஈரம் இருப்பதை மட்டும் காட்டி டர்போ போச்சு என்று நீங்களும் வாதாடாதீர்கள், பிரீதர் வழியாக அங்கே கொஞ்சம் ஆயில் வருவது சகஜம். கழற்றிய பாகம் தயாரிப்பாளருக்குத் திரும்பிப் போய்விடும் என்பதால் கழற்றும்போதே படம் எடுக்க அனுமதி கேளுங்கள்.

டர்போ மாற்ற ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழற்றி ஆயிலை வடித்தார்களா, ஆயில் ஃபீட் லைனை மாற்றினார்களா, அதன் போல்ட்டில் சல்லடை இருக்கும் மாடல் என்றால் அதைப் பார்த்தார்களா, ரிட்டர்ன் பைப்பும் பிரீதரும் சுத்தமா, ஆயிலும் ஃபில்டரும் புதுசா என்று கேட்டு ஜாப் கார்டில் வரி வரியாக வாங்குங்கள். ஆயில் குழாய் சேரும் ஃபிளாஞ்சில் கேஸ்கெட்டுக்கு (அடைப்புத் தகடு) பதில் சிலிகான் பேஸ்ட் தடவினால், பிதுங்கி உள்ளே போன துணுக்கு ஒன்றே புது டர்போவைக் கொல்லப் போதும். மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டியா, இல்லை பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் காலம் மட்டும்தானா என்பது ஆளுக்கு ஆள் மாறும், எக்ஸ்டெண்டட் வாரண்டி என்றால் சிலவற்றில் அது இன்ஷூரன்ஸ் மாதிரியான தனி ஒப்பந்தம், விதிகளும் வேறு. டெலிவரி எடுக்கும்போதே இதைக் கேட்டு இன்வாய்ஸில் எழுதி வாங்கிவிட்டு, அன்றைய ஆயில் அளவையும் கிலோமீட்டரையும் அதே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.