ஊரடங்கு வழக்கு ‘வாபஸ்’ ஆகிவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்

கொரோனா ஊரடங்கில் மொட்டை மாடியில் கேக் வெட்டியவர்கள், தோப்பில் பிரியாணி ஆக்கிச் சாப்பிட்டவர்கள், வாடகை அறையில் பத்துப் பேராகக் கூடிப் பாட்டுப் போட்டு ஆடியவர்கள் என்று போலீஸ் பெயர் எழுதிக்கொண்டு போன கல்லூரிப் பையன்கள் இன்று வேலை தேடும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் பெயரில் எஃப்.ஐ.ஆர். இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் ‘அதுதான் கவர்ன்மென்ட்டே வாபஸ் வாங்கிவிட்டதே’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் வேலைக்கோ விண்ணப்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் வெளிநாட்டு வேலைக்கான ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன்கள் மேல் தெருவுக்கு வந்த கோபம் நியாயமானது. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் போகக்கூடாது என்று பெற்ற தகப்பனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் இருந்தவர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 2021 மே மாதம் ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் சனம் வரிசையில் நின்றது. அந்த நேரத்தில் பக்கத்து மாடியில் ஸ்பீக்கர் அலறினால் யாருக்குத்தான் பொறுக்கும்? 100-க்கு போன் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தப்புக்குச் சட்டம் வைத்திருந்தது சின்னத் தண்டனைதான். அந்தத் தண்டனையும் தராமல், வழக்கை முடித்தும் வைக்காமல், தாளை அப்படியே கிடப்பில் போட்டு ஒருவனை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஊரடங்கை மீறியவர்கள் மேல் பெரும்பாலும் இந்திய தண்டனைச் சட்டம் 188, 269 பிரிவுகளும், சில இடங்களில் 270-ம், தொற்றுநோய்ச் சட்டமும், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51-ம் பிரிவும் போடப்பட்டன. அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதற்கு 188. நோய் பரவும்படி அசட்டையாக நடந்ததற்கு 269. இந்த இரண்டிலும் அதிகபட்சம் 6 மாதம். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது அந்தச் செய்தி மட்டும்தான்.

அந்த அறிவிப்புக்குள் வராதவர்கள்

இங்கேதான் முதல் பள்ளம். இ-பாஸ் மோசடி செய்தவர்களுக்கும், போலீஸாரைப் பணி செய்யவிடாமல் தடுத்தவர்களுக்கும், வன்முறையில் இறங்கியவர்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. மாணவர் கூட்டங்களில் இது அடிக்கடி இடிக்கிறது. போலீஸ் வந்ததும் ஒருவன் வாய் கொடுத்திருப்பான், இன்னொருவன் செல்போனைத் தர மறுத்திருப்பான். உடனே 294(பி) (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது), 353, 506 (மிரட்டியது) எல்லாம் எஃப்.ஐ.ஆரில் ஏறியிருக்கும். 353 என்றால் அரசு ஊழியரைத் தாக்கிப் பணி செய்யவிடாமல் தடுத்தது. அது இருந்தால் உங்கள் வழக்கு தானாகக் கைவிடப்பட்டிருக்கும் என்று எண்ணவே வேண்டாம். உங்களோடு பிடிபட்ட நண்பனுக்கு வழக்கு முடிந்துவிட்டது, உங்களுக்கு முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பள்ளம் தேதி. அறிவிப்பு வந்தது 2021 பிப்ரவரியில். இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு தொடங்கியது 2021 மே 10-ல். மே, ஜூன் மாதங்களில் போட்ட வழக்கு பிப்ரவரி அறிவிப்புக்குள் எப்படி வரும்? இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் எஃப்.ஐ.ஆரின் தேதியை முதலில் பாருங்கள்.

மூன்றாவது, மாஸ்க் அபராதத்தையும் இதையும் குழப்பிக்கொள்வது. பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் மாஸ்க் போடாததற்கு 200 ரூபாய், எச்சில் துப்பியதற்கு 500 ரூபாய் என்று ரசீது போட்டு வாங்கினார்கள். அந்த ரசீது கையில் இருப்பதால் வழக்கு தீர்ந்துவிட்டது என்று ஒரு பையனின் அம்மா அதைப் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தார். அது வேறு, 188 வேறு. மாஸ்க்குக்குப் பணம் கட்டிய அதே நாளில் கூட்டம் கூடியதற்குத் தனியாக எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கலாம்.

“அது அப்பவே முடிஞ்சிருச்சு தம்பி”

ஸ்டேஷனில் போய்க் கேட்டால் வாய்வார்த்தையாக இப்படித்தான் சொல்வார்கள். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. அவரும் அப்படித்தான் நம்புகிறார். ஆனால் போலீஸ் ஒரு வழக்கைக் கைவிட்டால், ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று இறுதி அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும்வரை எஃப்.ஐ.ஆர். உயிரோடுதான் இருக்கிறது. லட்சக்கணக்கான வழக்குகளுக்கு அந்த ஒரு தாளை எழுதிச் சேர்க்க வேண்டிய வேலை ஸ்டேஷன் எழுத்தர்கள் தலையில் விழுந்தது. எழுதப்பட்டவை உண்டு, எழுதாமலே விடப்பட்டவையும் உண்டு.

சாதாரண வழக்கை முடித்துவைத்தால் புகார் கொடுத்தவருக்கு, வழக்கை முடித்துவிட்டோம் என்று தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். ஊரடங்கு வழக்கில் புகார்தாரர் யார்? அநேகமாக அதே ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர்தான். நோட்டீஸ் அவர் மேசையிலிருந்து அவர் மேசைக்கே போகும். உங்களுக்கு ஒரு தகவலும் வராது. வழக்கு முடிந்ததும் தெரியாது, முடியாமல் கிடப்பதும் தெரியாது.

அதனால் யாரிடமும் ‘முடிஞ்சுதா’ என்று கேட்காதீர்கள். இறுதி அறிக்கை எந்தத் தேதியில் எந்தக் கோர்ட்டில் தாக்கல் ஆனது என்று கேளுங்கள். தேதி சொல்ல முடியவில்லை என்றால் தாக்கல் ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அடுத்த வேலைக்கு முதல் தேவை குற்ற எண்ணும் (எஃப்.ஐ.ஆருக்கு ஸ்டேஷனில் போடும் எண்) ஆண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். அப்புறம் கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷன் பெயர், குற்ற எண், ஆண்டு போட்டுத் தேடுங்கள். குற்ற எண் தெரியாவிட்டால் பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். இன்ஷியல் முன்னால், பின்னால், ‘எஸ்’ ஒன்று, ‘எஸ்’ இரண்டு என்று எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் பார்க்க வேண்டும். அன்று இரவு மாடியில் நின்று சொன்ன பெயரை ஏட்டு காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நான் பார்த்த ஒரு எஃப்.ஐ.ஆரில் ஏழு பேர். அதில் ஐந்தாவது ஆளுக்கு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர்தான் இருந்தது, அப்பா பெயரும் தப்பு. அவனை எந்தத் தேடலிலும் பிடிக்க முடியவில்லை. ஆனால் முகவரி சரியாக இருந்ததால் போலீஸ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டான்.

ஸ்டேஷன் ‘கோர்ட்டுக்கு அனுப்பிட்டோம்’ என்னும், கோர்ட் அலுவலகம் ‘எங்களுக்கு வரலை’ என்னும். இந்த இரண்டுக்கும் நடுவே தாள்களைச் சுமப்பவர் அந்த ஸ்டேஷனின் கோர்ட் போலீஸ்காரர். அவரைப் பிடித்தால் நிலவரம் தெரியும். அதோடு நிறுத்தாமல், மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். கேள்வி இரண்டே வரி போதும்: இந்தக் குற்ற எண்ணின் இன்றைய நிலை என்ன, இறுதி அறிக்கை தாக்கலான தேதி எது. 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். தாக்கலாகியிருந்தால் கோர்ட்டில் நகல் மனு போட்டு, முத்திரை வைத்த சான்று நகல் வாங்குங்கள். பிற்பாடு எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாவது அந்த நகல்தான். செய்தித்தாள் கட்டிங் செல்லாது.

‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு’ என்பவர்களிடம் உஷார்

இதைத்தான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில வழக்குகளில் குற்றப்பத்திரிகை போய், எஸ்.டி.சி. நம்பரும் (சுருக்க விசாரணை வழக்குக்குக் கோர்ட் தரும் எண்) ஆகி, சம்மன் வந்திருக்கும். கோர்ட் வாசலில் யாராவது ஒருவர், ‘குற்றத்தை ஒத்துக்கிட்டா சின்ன ஃபைன், மத்தியானம் வீட்டுக்குப் போயிரலாம்’ என்று யோசனை சொல்வார். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. தொகை சின்னதாக இருந்தாலும் ‘எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு அதன் பிறகு நீங்கள் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். அரசு வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஒரு மத்தியானம் எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். வக்கீலைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளவே கூடாது.

வக்கீலிடம் போகும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, 188-க்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி எழுத்து மூலம் கோர்ட்டில் புகார் தந்தால்தான் கோர்ட் அதை விசாரணைக்கு எடுக்கலாம். 2018 செப்டம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தெளிவாகத் தீர்ப்பில் எழுதிவிட்டார். பிறகும் 2020-ல் அதே மாதிரி எஃப்.ஐ.ஆர்கள் போடப்பட்டன என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆனால் 269 சேர்ந்திருந்தால் இந்த வாதம் மட்டும் போதாது. அதற்கு இரண்டாவது விஷயம் கை கொடுக்கும்: ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை வந்திருக்க வேண்டும். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 28 வரை காலக்கெடுவைத் தள்ளிவைத்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த ஓராண்டு எப்போதோ முடிந்துவிட்டது. 270 இருந்தால் அந்தக் கெடு மூன்றாண்டு. தாக்கல் தேதியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இந்தக் காரணங்களைச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ம் பிரிவு என்பது இப்போது புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 528.

பாஸ்போர்ட், வேலை

பாஸ்போர்ட் படிவத்தில் கேட்பது கோர்ட்டில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கைப் பற்றி. வெறும் எஃப்.ஐ.ஆர். இருந்து, கோர்ட் அதை இன்னும் விசாரணைக்கு ஏற்கவில்லை என்றால் அது ‘நிலுவை வழக்கு’ ஆகாது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் எழுதியிருக்கிறது. ஆனாலும் போலீஸ் சரிபார்ப்பில் ‘குற்ற எண் உள்ளது’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் போடும். அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பயந்து விண்ணப்பத்தைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். கைவிட வேண்டாம். குறித்த நாளுக்குள், கோர்ட் ஏற்கவில்லை என்பதற்கான ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள்.

கோர்ட் ஏற்றுவிட்டது என்றால் அதே கோர்ட்டில் பாஸ்போர்ட்டுக்கான அனுமதி உத்தரவு கேட்டு மனு போட வேண்டும். அந்த உத்தரவில் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதி வாங்குங்கள். எழுதவில்லை என்றால் ஓராண்டுக்கு மட்டும்தான் பாஸ்போர்ட் தருவார்கள். ஓராண்டு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த நாட்டு விசாவுக்குப் போவது?

அரசு வேலைப் படிவத்தில் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘தண்டிக்கப்பட்டதுண்டா’ என்பது ஒரு கேள்வி, ‘வழக்குப் பதிவு செய்யப்பட்டதுண்டா’ என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வி இருந்தால் மறைக்காதீர்கள். சின்ன வழக்கை ஒளிவுமறைவில்லாமல் எழுதியவரை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. மறைத்தது பிற்பாடு தெரிந்தால் வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாக நிற்கும். காவலர் தேர்வுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ‘சந்தேகத்தின் பலனில் விடுதலை’ என்பதைக்கூட ஏற்க மாட்டார்கள். அதனால் விண்ணப்பத் தேதி நெருங்கும் முன்பே வழக்கைக் கைவிட வைப்பதோ ரத்து செய்ய வைப்பதோதான் பாதுகாப்பு.

செலவுக்கு வழியில்லை என்றால் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள், மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். ‘பேரை எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கோர்ட்டுக்குப் போன எஃப்.ஐ.ஆரிலிருந்து பெயரைத் தனியாக அழித்துத்தர எந்த அலுவலகத்திலும் யாராலும் முடியாது.