பெரியவர் சொன்ன கதையும் மண்ணில் கிடைத்த ஓடும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடைக்கால் தோண்டும்போது பானை ஓடுகள் வந்தால், பெரும்பாலும் மண்ணோடு மண்ணாக லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். சென்னைக்குத் தெற்கே கடலோரக் கள ஆய்வு செய்கிற எனக்கு இதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே உள்ள வசவசமுத்திரத்தில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது உறைகிணறுகளும் (சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறுகள்) ஆம்போரா ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது ரோமானியர் மது அனுப்பிய சாடி. அதன் ஓடு தடிமனாக, சொரசொரப்பாக இருக்கும். இத்தாலியின் கம்பானியாவில் செய்ததென்றால் களிமண்ணில் எரிமலைக் கருமணல் மினுமினுக்கும். சில ஓடுகளின் உட்புறத்தில், மது கசியாமலிருக்கப் பூசிய பிசின் கருப்பாக ஒட்டியிருக்கும். கட்டைவிரல் அளவு துண்டு போதும், இந்தக் கரைக்குக் கப்பல் சரக்கு வந்ததைச் சொல்லிவிடும்.

எங்கே தோண்டுவது என்பதற்கு வாய்மொழி வழக்கு கைகொடுக்கும். மாமல்லபுரத்தில் கடலுக்குள் மூழ்கிய கோயில்களின் செப்புக் கலசங்கள் மின்னியதாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1788-இல் பதிவு செய்திருக்கிறார். 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே மூழ்கிப் பார்த்தபோது, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்ப் பகுதிகளும் செதுக்கிய கற்களும் தென்பட்டன. அங்கே ஏழு கோயில்கள் இருந்தன என்று சொல்லப்படும் கதை அதனால் நிரூபணமாகிவிடாது. ஆனாலும் தேட வேண்டிய திசையைக் கதை சரியாகவே காட்டியது.

2004 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கதை டிவியில் திரும்பத் திரும்ப வந்துவிட்டது. அதனால் "மூழ்கிய கோயில் தெரியுமா?" என்று கேட்டால், டிவியில் கேட்டதே பதிலாக வரும். கட்டுமரம் முன்பு எங்கே கரையேறியது, பழைய நல்ல தண்ணீர்க் கிணறு எது, முகத்துவாரம் எந்தப் பக்கம் இருந்தது, வலை எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) சிக்கும் என்று கேளுங்கள். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். தாத்தா பாட்டி பேசுவதை போனில் பதிவு செய்து, ஊரும் தேதியும் குறித்து வையுங்கள்.

ஓடுகளோ கிணற்று உறையோ தென்பட்டால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதில்தான் காலக்கணிப்பே இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணில் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது.