கடுகு தெறித்த ஸ்லைடு

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி, அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டோடு வேலூரில் எங்கள் லேபுக்கு வந்தார். மார்பகப் புற்றுநோய், மருந்துகள் குறிவைக்கும் மூன்று முக்கிய ஏற்பிகளும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகை. அதைப் பற்றி ஏதும் கேட்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தார். "லிம்போசைட் அதிகம்னு போட்டிருக்கீங்களே மேடம், ரத்தத்துலயும் பரவிடுச்சா?"

"இல்ல தம்பி, அது நம்ம ஆளுங்க" என்று சொல்லி மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். கோணல்மாணலான பெரிய புற்றுச் செல்கள். இடையிடையே, தாளிப்பில் தெறித்த கடுகு மாதிரி கருநீலப் புள்ளிகள். அந்தக் கடுகுதான் லிம்போசைட், நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணு. இந்த வகை மார்பகப் புற்றுநோயில் அவை அதிகம் உள்ளவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கடுகும் ஒன்றல்ல. டி செல் என்பது லிம்போசைட்டில் ஒரு வகை. அதில் புற்றுச் செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்லும் இருக்கும், அதன் கையைப் பிடித்து நிறுத்தும் ஒழுங்குபடுத்தும் டி செல்லும் இருக்கும். சாதாரணச் சாயத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்; தனிச் சாயம் போட்டால்தான் வேண்டியது மட்டும் பழுப்பாகத் தெரியும். நிறுத்துகிறவனை வில்லன் என்றும் சொல்ல முடியாது. அவன் இல்லாவிட்டால் நம் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தின்றுவிடும். இதைக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்குத்தான் 2025-இல் நோபல் பரிசு. புற்றுக்கட்டி அவனைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வதுதான் சிக்கல்.

2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சினைப்பைப் புற்றுநோய் வந்த 117 பெண்களின் கட்டிகளை ஆராய்ந்தார்கள். டி செல்களின் மொத்த எண்ணிக்கைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. புற்றுச் செல்களுக்கு நடுவே புகுந்திருந்த சிடி8 செல்களுக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களுக்கும் உள்ள விகிதம்தான் பேசியது. கொல்லும் சிடி8 பக்கம் விகிதம் அதிகமாக இருந்தவர்கள் உயிர் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் தாண்டிய காலம்) 58 மாதம், குறைந்தவர்களுக்கு 23.

நடுவே புகுந்தது என்பது முக்கியம். நம் ஊர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாளம் முழுக்க அகழிக்கு இந்தப் பக்கமே நின்றால் உள்ளே இருப்பவனுக்கு என்ன பயம்? பல கட்டிகளில் சிடி8 செல்கள் இப்படி ஓரத்திலேயே நின்றுவிடும். (பெருங்குடல் புற்றுநோயில் ஒழுங்குபடுத்தும் செல்கள் அதிகம் உள்ளவர்களே நன்றாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே சூத்திரம் எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது.)

அதனால் 'இம்யூனிட்டி ஏத்துற பொடி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எந்தச் செல்லை ஏற்றும், அகழியை எப்படித் தாண்ட வைக்கும்?

இன்னொரு விஷயம், இது என் ஆதங்கம். ஒருமுறை ஒரு நர்சிங் ஹோமிலிருந்து கட்டியைச் சலைன் பாட்டிலில் போட்டு, பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். மே மாத வெயில். செல்கள் அழுகிக் குழைந்துவிட்டன. விகிதம் இருக்கட்டும், புற்றின் வகையைச் சொல்வதே பெரும்பாடாகிவிட்டது. திசு அழுகாமல் காப்பது ஃபார்மலின் என்ற திரவம்தான். ஆபரேஷன் முடிந்ததும் "ஃபார்மலின்ல போட்டாச்சா சிஸ்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கட்டியின் துண்டைப் பதித்து லேபில் வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் புதுச் சாயம் போட அதுதான் வேண்டும்.

குடியாத்தம் தம்பி பிளாக்கையும் ஸ்லைடையும் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைக்கப் போனார். "கண்ணாடி தம்பி, நொறுங்கிடும்" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.